சப்பாத்தியை நிறுத்தினால் வயிறு அடங்குகிறது: குற்றவாளி குளூட்டன்தானா?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2025

வயது 34. இரண்டு வருடமாகச் சாப்பிட்டு முடித்ததும் வயிறு உப்பிக்கொள்கிறது. சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "ஐபிஎஸ்", அதாவது எரிச்சல் குடல் நோய், என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானாகவே கோதுமையையும் மைதாவையும் அடியோடு நிறுத்தினேன். பாதித் தொல்லை போய்விட்டது. குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கும் பரிசோதனை எடுத்தேன், நெகட்டிவ். ஆக, சீலியாக் இல்லாத குளூட்டன் ஒவ்வாமைதான் எனக்கு. இதை ஒப்புக்கொள்ள மருத்துவர்களுக்கு ஏன் மனம் வரவில்லை?

6 ஜனவரி, இரவு

தம்பி, ஒரே கேள்வி. அந்த சீலியாக் பரிசோதனையை எப்போது எடுத்தீர்கள்? கோதுமையை நிறுத்துவதற்கு முன்பா, பின்பா?

7 ஜனவரி, காலை

"பின்புதான், நிறுத்தி ஒன்றரை மாதம் கழித்து" என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் அந்த நெகட்டிவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆள், மருத்துவர் அல்ல. ஆனால் இந்தக் குழாய்களோடு குடும்பம் நடத்தியவன். சீலியாக் நோய்க்கு ரத்தத்தில் முதலில் பார்ப்பது டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை. குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரைதான் உடம்பு அதைத் தயாரிக்கும். சாப்பாட்டிலிருந்து குளூட்டனை எடுத்துவிட்டால் அளவு படிப்படியாக இறங்கிவிடும். நோய் இருப்பவருக்கும் நெகட்டிவ் என்று வரலாம். அதனால்தான் சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். கூடவே ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக உள்ள சிலருக்கு டிடிஜி ஐஜிஏ எந்தக் காலத்திலும் பாசிட்டிவ் ஆகாது.

எண்டோஸ்கோப்பி நார்மல் என்கிறீர்கள். கண்ணால் பார்த்ததில் நார்மலா, முன்சிறுகுடலில் சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்ததில் நார்மலா? ரிப்போர்ட்டில் "பயாப்ஸி" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். குடல் உறிஞ்சிகள் மழுங்கியிருப்பது எல்லா நேரமும் கேமராவில் தெரியாது.

7 ஜனவரி, மாலை

பயாப்ஸி எடுக்கவில்லையாம். சரி, அவரவர் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: நமது ஊரில் சீலியாக் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். தெற்குக்கு வேலூர். ஆயிரம் பேருக்கு சீலியாக் நோய் வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11.

மரபணு வேறு என்று நினைப்போம். நோய்க்கு வேண்டிய மரபணு வகை மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில் விழும் கோதுமையில். இப்போது இங்கேயும் சர்க்கரை என்றால் சப்பாத்தி, எடை குறைய சப்பாத்தி, விருந்தாளி வந்தால் பரோட்டா. இன்னும் இருபது வருடம் கழித்து அந்த 0.11 எங்கே நிற்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்கு வயது இடம்கொடுக்க வேண்டும்.

9 ஜனவரி

"டச்சுப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது குழந்தைகள் குணமானதால் சீலியாக்கின் காரணம் தெரிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் சொல்லும் கதைதான், பாதி உண்மை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்து, சில குழந்தைகளுக்கு அதை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 1944-45 பஞ்சம் அவருடைய சந்தேகத்துக்கு வலுச்சேர்த்தது, அவ்வளவுதான். 1950இல் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. குழந்தை கொழுகொழுவென்று ஆனதை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு கட்டவில்லை. வான் டி காமர் என்ற வேதியியலாளர் மலத்தில் கொழுப்பை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். கோதுமை கொடுத்தால் மலக் கொழுப்பு ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது என்று எண்ணிலேயே காட்டினார்கள். அந்த வான் டி காமர் முறையை நானே செய்திருக்கிறேன். நோயாளி மூன்று நாள் மலத்தையும் ஒரு டப்பாவில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அதை எடைபோட்டு, கலக்கி, காரம் ஊற்றிக் கொதிக்கவைத்து, அமிலம் சேர்த்து, கொழுப்பு அமிலத்தைப் பிரித்து, சொட்டுச் சொட்டாக அளக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் தலைவலி என்று விடுப்பு எடுப்பார்கள்.

9 ஜனவரி, பின்னர்

டிக்கேவுக்கு முன்பு நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1924இல் வாழைப்பழ உணவுமுறை என்று ஒன்றை வெளியிட்டார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வாழைப்பழமாகக் கொடுத்தார். சாகக் கிடந்த குழந்தைகள் தேறின. ஹாஸ் வாழைப்பழத்தில் ஏதோ மருந்துச் சத்து இருக்கிறது என்று நம்பினார். உண்மையில் வேலை செய்தது கொடுத்த பழம் அல்ல, நிறுத்திய ரொட்டி. குணமான குழந்தைகளுக்கு மறுபடி ரொட்டி கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தார். அங்கேதான் சிக்கல் வந்தது.

கேள்வி கேட்ட தம்பி இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். குணமானது நிஜம், காரணம் என்று சொன்னது தவறு. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

12 ஜனவரி

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் என் வலி பொய்யா?" என்கிறார். யார் சொன்னது? நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இன்யூலின் என்ற ஃப்ரக்டானைக் குடிக்கக் கொடுத்து, எம்ஆர்ஐ எடுத்துப் பெருங்குடலில் சேர்ந்த வாயுவை அளந்தார்கள். 2017இல் வந்த ஆய்வு. இரு தரப்புக்கும் வாயு ஏறக்குறைய ஒரே அளவு. வலியும் உப்புசமும் மட்டும் ஐபிஎஸ் தரப்பில் அதிகம். அதே வாயுவை உங்கள் குடல் நரம்புகள் உரக்கச் சொல்கின்றன. ஸ்கேனில் அது தெரியாது. "ரிப்போர்ட் நார்மல், ஒன்றுமில்லை, போ" என்று சொல்லும் மருத்துவர்மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தில் குளூட்டன்மீது பழிபோட வேண்டாம் என்கிறேன்.

13 ஜனவரி

ஃப்ரக்டான் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு இவற்றில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. அதை உடைக்கும் நொதி மனிதர் யாருக்கும் கிடையாது. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். குளூட்டன் புரதம். கோதுமை மாவில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சப்பாத்தியை நிறுத்தும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. எது நின்றதால் வயிறு அடங்கியது என்று வயிற்றைக் கேட்டால் அது சொல்லாது.

13 ஜனவரி, இரவு, தூக்கம் வராமல்

இப்போது உண்மையான விவாதத்துக்கு வருவோம். "சீலியாக் இல்லாத குளூட்டன் ஒவ்வாமை" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வு. ஜெசிகா பீசிகீர்ஸ்கி, பீட்டர் கிப்சன் குழு. சீலியாக் இல்லாத, ஐபிஎஸ் உள்ள, குளூட்டனைத் தவிர்த்து நலமாக இருந்த 34 பேர். அவர்களில் ஒரு பகுதிக்கு குளூட்டன் சேர்த்த ரொட்டியும் மஃபினும், மற்றவர்களுக்கு குளூட்டன் இல்லாதவை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. குளூட்டன் பிரிவில் 68 சதவீதம் பேருக்குத் தொல்லை கட்டுக்குள் இல்லை, மற்ற பிரிவில் 40 சதவீதம். தம்பி, உங்கள் கட்சி ஜெயித்தது.

ஆனால் அதே குழு அத்தோடு விடவில்லை. 2013இல் குளூட்டனால் தொல்லை என்று தாமே சொன்ன 37 பேரை எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு வாரம் ஃப்ரக்டான் உள்ளிட்ட நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைத்த சாப்பாடு கொடுத்தார்கள். எல்லோருக்கும் வயிறு லேசானது. அதன் பிறகு அதிக குளூட்டன் ஒரு வாரம், குறைந்த குளூட்டன் ஒரு வாரம், குளூட்டனே இல்லாமல் பால் புரதம் ஒரு வாரம். மூன்று வாரத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொல்லை கூடியது. குளூட்டனுக்கென்று தனியாகப் பாதிப்பு தெரிந்தது 8 சதவீதம் பேருக்கு.

தான் சொன்னதைத் தானே மறுபடி சோதித்து, "அது அவ்வளவு இல்லை" என்று அச்சிடுகிறவர்களை நான் மதிக்கிறேன். குளூட்டன் இல்லாத பிஸ்கட் விற்பவர்கள் முதல் ஆய்வோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

"ஆஸ்திரேலியாவில் நடந்தது நமக்குப் பொருந்துமா?" என்று ஒருவர். பொருந்தாமலும் போகலாம். நார்வே பொருந்துமா பாருங்கள். 2018இல் ஓஸ்லோவில், கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டு குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டுவந்த 59 பேர். மியூஸ்லி பார் என்ற தானியக் கட்டி மூன்று வகை செய்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. ருசியிலும் தோற்றத்திலும் கண்டுபிடிக்க முடியாது. ஏழு நாள் வீதம் மூன்றையும் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அதிகத் தொல்லை ஃப்ரக்டானில். குளூட்டனுக்கும் வெறும் கட்டிக்கும் வித்தியாசம் இல்லை. தனித்தனி ஆளாகப் பார்த்தால், ஃப்ரக்டானில் அதிகத் தொல்லை 24 பேருக்கு, குளூட்டனில் 13 பேருக்கு, ஒன்றுமே இல்லாத கட்டியில் 22 பேருக்கு.

16 ஜனவரி

நேற்றைய எண்ணை நினைத்துக்கொண்டே இருந்தேன். "அந்த 13 பேரில் நான் ஒருவனாக இருக்கலாமே?" என்று தம்பி கேட்பார் என்று தெரியும். கேட்டும்விட்டார். இருக்கலாம். ஆனால் ஒன்றுமே இல்லாத கட்டியைத் தின்று 22 பேருக்கு வயிறு கெட்டிருக்கிறதே, அந்த 22இல் ஒருவராகவும் நீங்கள் இருக்கலாம். இந்த 13 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே குளூட்டன், எத்தனை பேருக்குத் தற்செயல் என்று இந்த ஒரு சுற்றை வைத்துப் பிரிக்க முடியாது. பலமுறை மாற்றி மாற்றிக் கொடுத்தால் தெரியும். அதற்கு யார் வயிற்றைக் கொடுப்பார்கள்?

18 ஜனவரி

வீட்டில் நானும் இப்படி ஒரு சோதனை நடத்திப் பார்த்தேன், அதைச் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை வந்தபின் இரவுச் சாப்பாடு சப்பாத்தியானது. ஒன்பது மணிக்கு மேல் வயிற்றுக்குள் தவில் கச்சேரி. சப்பாத்தியை நிறுத்தினேன், கச்சேரி நின்றது. அப்புறம்தான் உறைத்தது: சப்பாத்தியோடு கூட வெங்காயக் குருமாவும் கொண்டைக்கடலை மசாலாவும் சேர்ந்து போயிருந்தன. இட்லிக்கும் தோசைக்கும் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி.

சரி, கண்ணைக் கட்டிச் சோதிப்போம் என்று மருமகளிடம் சொன்னேன். ஒரு நாள் வெங்காயம் அரைத்த குருமா, ஒரு நாள் வெங்காயம் இல்லாமல் பெருங்காயமும் இஞ்சியும் போட்ட குருமா. எது என்றைக்கு என்று என்னிடம் சொல்லக் கூடாது. அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சின்ன வெங்காயம் எண்ணெயில் வதங்கும்போது தெருமுனைவரை சேதி போய்விடுகிறதே, என்ன செய்ய? இதனால்தான் ஓஸ்லோக்காரர்கள் கட்டி செய்தார்கள்.

18 ஜனவரி, சேர்க்கை

"சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன்" என்பவருக்கு: பயனில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், சாம்பார் முழுவதும் இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. பூண்டைத் தண்ணீரில்லாமல் எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், தொல்லை வராது.

சீலியாக் உறுதியானவர்கள் மட்டும் கவனியுங்கள்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது.

21 ஜனவரி

"இந்த ஆய்வு எல்லாம் மனசு விளையாட்டு என்கிறதா?" என்று ஒருவர். பாதி ஆமாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹார்வர்டின் டெட் கப்சுக் குழு 2010இல் 80 ஐபிஎஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவிடம், "இது மருந்தே இல்லாத போலி மாத்திரை" என்று முகத்துக்கு நேரே சொல்லியே கொடுத்தார்கள். புட்டியிலும் அப்படியே எழுதியிருந்தது. மற்றப் பிரிவுக்கு மாத்திரை இல்லை, மற்றபடி அதே கவனிப்பு. மூன்று வாரம் கழித்துப் போதுமான நிவாரணம் என்றவர்கள் மாத்திரைப் பிரிவில் 59 சதவீதம், மற்றப் பிரிவில் 35 சதவீதம். சின்ன ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் ஐபிஎஸ்ஸுக்கு என்று எந்த மருந்தை, எந்தச் சாப்பாட்டை, எந்த லேகியத்தைக் கொண்டுவந்தாலும் ஒப்பிட ஒரு பிரிவு வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த விளம்பரத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள்.

22 ஜனவரி

இசப்கோல் பற்றிக் கேட்டவருக்கு. நெதர்லாந்தில் 275 ஐபிஎஸ் நோயாளிகளிடம் 2009இல் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இசப்கோல், ஒரு பிரிவுக்குக் கோதுமைத் தவிடு, ஒரு பிரிவுக்குப் போலியாக அரிசி மாவு. முதல் மாதம் இசப்கோல் தெளிவாக முன்னால் நின்றது. தவிட்டால் சொல்லிக்கொள்ளும்படி நன்மை இல்லை, தொல்லை கூடிவிட்டது என்று பாதியில் விலகியவர்கள் அதில் அதிகம். நார்ச்சத்து நல்லது என்று எல்லா நாரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். நம்மவர்களுக்கு எங்கே பார்த்தாலும் தவிடு பிஸ்கட்தான்.

25 ஜனவரி

ஒரு பெண் எழுதியிருக்கிறார், மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தாராம், மருந்துக்கடையில் "இது மனச்சோர்வு மாத்திரை" என்று சொன்னதும் வீட்டுக்காரர் தூக்கிப் போட்டுவிட்டாராம். அம்மா, இங்கிலாந்தில் 463 ஐபிஎஸ் நோயாளிகளிடம் நடந்த அட்லாண்டிஸ் என்ற ஆய்வு 2023இல் வந்தது. 10 முதல் 30 மில்லிகிராம் வரை, ஆறு மாதம். போலி மாத்திரையைவிட வயிற்றுத் தொல்லை குறைந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட அது மிகக் குறைவு. குடல் நரம்பு அனுப்பும் சேதியை அமுக்கத்தான் கொடுக்கிறார்கள். வாய் உலரும், தூக்கம் வரும். சாப்பிடுவதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடமோ என்னிடமோ கேட்க வேண்டாம்.

25 ஜனவரி, பின்னர்

இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாமே ஐபிஎஸ் என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் சப்பாத்தி ஆராய்ச்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நமது ஊரில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. அது க்ரோன் நோய் என்ற குடல் அழற்சியைப் போலவே வேஷம் போடும். தேர்ந்த நிபுணர்களே பயாப்ஸியைப் பார்த்துத் தடுமாறுவார்கள்.

29 ஜனவரி

பாலை யாரும் சந்தேகிக்கவே இல்லையே? தென்னிந்தியர்களில் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவர்கள் வட இந்தியர்களைவிட அதிகம். 1981 ஆய்வு ஒன்றில் தெற்கில் 66.6 சதவீதம், வடக்கில் 27.4 சதவீதம். காலையில் ஒரு டம்ளர் காப்பி, மாலையில் ஒரு டம்ளர், இரவு படுக்கும்முன் பால். அதற்குப் பிறகு சப்பாத்தியைத் திட்டுகிறோம்.

மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை இருக்கிறது. வெறும் வயிற்றில் ஊதி, லாக்டோஸ் கரைசல் குடித்து, குறிப்பிட்ட இடைவெளியில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ். முதல் நாள் இரவு வெறும் சோறுதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். ஒரு பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போய், மறுநாள் முதல் ஊதலிலேயே கருவியில் எண்ணை எகிறவைத்தார். விசாரித்தால், "வெறும் சோறுதான் தம்பி, கொஞ்சம் மொச்சைக் குழம்பு."

3 பிப்ரவரி

இட்லி பற்றிப் பலரும். அரிசியில் பயம் இல்லை. உளுந்தில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் உண்டு, மாவு புளிக்கும்போது அவை குறைகின்றன. ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். இதற்கு ஆய்வு எதற்கு?

20 பிப்ரவரி

தம்பி திரும்பி வந்திருக்கிறார். மருத்துவர் சொன்னபடி சில வாரம் கோதுமை சாப்பிட்டு, மறுபடி டிடிஜி எடுத்திருக்கிறார். நெகட்டிவ். மொத்த ஐஜிஏவும் சரியாக இருக்கிறது. நல்லது, இதுதான் கணக்கில் சேரும் நெகட்டிவ். "இப்போது என்ன செய்ய?" என்கிறார்.

உணவு ஆலோசகர் ஒருவரைப் பிடியுங்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு, பால், பயறு எல்லாவற்றையும் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது முறை. குறைத்த நிலையிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். ஃப்ரக்டான்தான் குடலின் நல்ல பாக்டீரியாவுக்கும் தீனி. நீண்ட நாள் நிறுத்தினால் பிஃபிடோபாக்டீரியா குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். திரும்பச் சேர்க்கும்போது சப்பாத்தியை வெங்காயம் இல்லாத குருமாவோடு சேருங்கள், குருமாவைச் சோற்றோடு சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் மறுபடி இதே இழையில் வந்து நிற்பீர்கள்.

முந்திரி கேட்டவருக்கு: அதிலும் ஃப்ரக்டான் உண்டு, வேண்டாம். பாதாம் பத்து வரை பரவாயில்லை.